நாற்பத்தொரு பேர்

நாற்பத்தொன்று என்ற எண்ணைத் திரையில் பார்த்ததும் பொற்கொடிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சவரியார்மேட்டில் நாற்பத்தொரு பேரா! அந்த ஊர்த் திருவிழாவில் தேர் இழுப்பவர்களே அதைவிட அதிகம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உள்ளே இடம் கிடைக்காமல் மணலில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களை எண்ணினாலே இருநூறு தேறும். எவனோ ஒரு மடையன் இலக்கத்தை விழுங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

"சார், சவரியார்மேட்டுக்கு நாப்பத்தொண்ணுன்னு காட்டுது" என்றாள்.

இயக்குநர் மெய்யப்பன் தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ பொன்னாடை விவகாரம் பேசிக்கொண்டிருந்தார். நாளைய விழாவுக்கு வரும் ஆறு அமைச்சர்களுக்கு மட்டுமா, கூட வரும் செயலாளர்களுக்கும் சேர்த்தா என்பதுதான் அன்று காலை அவருடைய தலைபோகிற பிரச்சினை. ஃபோனைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"நல்லதுதானேம்மா. நாப்பத்தொரு பேருக்கு ஒரு ரோந்துப் படகு போதும். அம்பது சீட்டு. ஒப்புதல் வந்ததும் கிளம்பிரும். ஒம்பது சீட்டு மிச்சம்."

பொற்கொடியின் சிரிப்பு அத்தோடு நின்றது.

மணி அப்போது ஒன்பதரை. சுவர் முழுவதும் விரிந்திருந்த வரைபடத்தில் வங்கக் கடலில் புயல் சுழன்றுகொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு கோடுகள் கரைக்கு ஓடின. சிவப்புக் கோடு புயல் தன்போக்கில் போனால் போகும் வழி. அது முத்தாரம் துறைமுகத்தில் போய் முட்டியது. பச்சைக் கோடு திருப்பிவிட்டால் போகும் வழி. அது கடலுக்குள் தனித்துக் கிடக்கும் சவரியார்மேடு என்ற மணல்திட்டில் முடிந்தது. மாலை ஆறு மணிக்குக் கரை தொடும்.

புயலை நிறுத்த உலகத்தில் எவனாலும் ஆகாது. திருப்ப முடியும். அதைக் கண்டுபிடித்துப் பத்து வருடம் ஆகிறது. புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். முந்நூறு ஆளில்லாக் கப்பல்கள் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை இறைத்து அதன் பாதையில் பரப்பிவிட்டால், இலையில் சோறு இல்லாத பந்தியை விட்டு அடுத்த பந்திக்கு நகர்கிறவன் போல அது பக்கவாட்டில் சாயும். ஆறு நாடுகள் சேர்ந்த திட்டம். கேடயம் என்று பெயர். கப்பல் ஒரு நாட்டுடையது, செயற்கைக்கோள் ஒரு நாட்டுடையது, கணினி இன்னொரு நாட்டுடையது. நம்முடைய பங்கு என்ன என்று கேட்காதீர்கள், வயிறு எரியும். நம் பங்கு, புயல் போய் விழுவதற்கான கரை.

எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஒரே விதி. எங்கே ஆட்கள் குறைவோ, கட்டடம் குறைவோ, அங்கே. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

"சார், அங்க ஆயிரத்தி எண்ணூறு பேருக்கு மேல இருக்காங்க. எட்டு வருசம் முன்னாடி நானே வீடு வீடா ஏறி இறங்கி எழுதினேன்."

"பட்டியல்ல உள்ளதுதானேம்மா நமக்கு" என்று சொல்லிவிட்டு மெய்யப்பன் பொன்னாடைக்குத் திரும்பிவிட்டார்.

பொற்கொடி மன்னார் நிலையத்தைக் கூப்பிட்டாள். ஆறு நாட்டுக் கரையோர மக்கள் பதிவேடும் அங்கேதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவள் தர்மினி. இருவரும் நேரில் ஒரே ஒருமுறை சந்தித்தவர்கள், திரையில் தினமும் பேசுகிறவர்கள்.

"பொறுங்கோ அக்கா, பார்க்கிறன்… ஓம். உங்கட பக்கத்தில இருந்து ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாலு படிவம் வந்திருக்கு. பிறகு மிசின் ஒரே ஆளைக் பலதரம் பதிஞ்சிருக்கினம் எண்டு சொல்லி எல்லாத்தையும் சேர்த்துப்போட்டுது."

"எப்பிடி சேக்கும்? ஒவ்வொண்ணும் தனித்தனி மனுசன்!"

"பேர் ஒண்டு, தகப்பன் பேர் ஒண்டு, பிறந்த திகதி ஒண்டு, விலாசம் ஒண்டு. நாலும் ஒத்து வந்தா அதுக்கு ஒரே ஆள்தான். நீங்களே பாருங்கோ. சவரிமுத்து, தகப்பன் சவரிமுத்து, டிசம்பர் மூண்டு, கோயில் தெரு. இதே மாதிரி எண்ணூற்றுப் பதினெட்டுப் பேர்."

"வருசம் வேற வேறயா இருக்குமே?"

"அஞ்சு வருசம் முன்னப்பின்ன இருந்தா எழுத்துப்பிழை எண்டு எடுக்கும். ஒண்டோட ஒண்டு கோத்துக்கொண்டே போய்ப் பேரனையும் பாட்டனையும் ஒராளாக்கிப்போட்டுது."

"கைரேகை எடுத்தோமே?"

"ஆறு நாட்டில ஒரு நாட்டின்ர சட்டப்படி ரேகை வைச்சிருக்கேலாது. ஆறு பேரும் ஒத்துக்கொள்ளுறதைத்தானே வைச்சிருக்கலாம். அதை அழிச்சு ஏழு வருசம் அக்கா."

பொற்கொடி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். சவரியார்மேட்டில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் ஊர்க் கோயில் புனிதர் சவரியாரின் பெயர்தான். ஆண் என்றால் சவரிமுத்து, பெண் என்றால் சவரியம்மா. கடல் கொண்டுபோகாமல் இருக்க அவருக்கு நேர்ந்துவிட்ட பெயர். அப்பன் பெயரும் அதுவே என்பதால் இனிஷியலும் 'ச'தான். பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி கேட்டால், "சவரியார் திருநாளைப் போடுங்க சார்" என்று ஊரே சொல்லும், வாத்தியாரும் டிசம்பர் மூன்று என்று எழுதிவிடுவார். இருப்பதோ ஒரே தெரு. ஊருக்குள் ஒரு குழப்பமும் கிடையாது, ஏனென்றால் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. கொடுவா சவரிமுத்து, லாந்தர் சவரிமுத்து, பல்லு சவரியம்மா, ஊர்த்தலைவர் ரேடியோ சவரிமுத்து. பட்டப்பெயர் சொன்னால் நாய்கூட வீட்டைக் காட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த படிவத்தில் பட்டப்பெயருக்கு இடம் இல்லை. பொற்கொடி அப்போதே பதினோரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். மூன்று வாரம் கழித்து, 'புனைபெயர்கள் தேவையற்றவை' என்று ஒரு வரி வந்தது. ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்க ஆறு நாடும் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு வருடம் ஆகும் என்றார்கள். படிவம் அனுப்பக் கடைசி நாளோ வெள்ளிக்கிழமை. இவளும் அலுத்துப்போய், 'சரி, இப்படியே அனுப்புகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு இந்த எட்டு வருடத்தில் ஒருநாள்கூட அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. அந்த மடையன் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஊர்த்தலைவருக்கு ஃபோன் போட்டாள். ரேடியோ அண்ணன் பேசினால் அடுத்த படகுக்காரனுக்கும் கேட்கும், அதனால்தான் அந்தப் பெயர்.

"என்னா தங்கச்சி! எட்டு வருசம் கழிச்சு இந்த அண்ணன் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"அண்ணே, ஊர்ல எல்லாரும் இருக்காங்களா?"

"எங்க போவாக? மூணு நாளா புயல் கொடி ஏத்தியிருக்கு, ஒருத்தனும் தொழிலுக்குப் போகல. புயலு துறைமுகத்துப் பக்கந்தான் அடிக்கும்னு டிவில சொல்றான். நீங்க ஆறு நாட்டுக்காரவுக அதை எங்கிட்டாவது ஆளில்லாத பக்கம் தள்ளி விட்ருவீகன்னு பயலுக பேசிக்கிறானுக."

புயல் எங்கே திருப்பப்படுகிறது என்று கரையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பீதி கிளம்புமாம். சொன்னால் சிறை என்று அவளே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது.

"அண்ணே, எல்லாரையும் வள்ளத்துல ஏத்தி இக்கரைக்குக் கொண்டாந்துர முடியுமா?"

"வெளையாடுறியா? வாய்க்கால்ல அலை கூரை ஒசரத்துக்கு எந்திரிக்குது. புள்ளத்தாச்சியையும் கெழடு கட்டையையும் ஏத்திட்டு நடுவுல கவுந்து சாகவா? என்ன விசயம், சொல்லு."

"ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான்" என்று வைத்துவிட்டாள். தன் வாயால் சொன்ன அந்த 'சும்மாதான்' அவளுக்கே காறித் துப்பலாம் போல இருந்தது.

பத்தரை மணிக்கு ஆறு நாட்டுக் கூட்டம் திரையில் கூடியது. ஒருங்கிணைப்பாளர் ஹென்ரிக் பனி பெய்யும் ஏதோ ஒரு ஊரில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். அவர் பேசியதை மொழிபெயர்ப்புக் கருவி தமிழில் சொன்னது.

"தங்கள் கவலை நன்கு குறித்துக்கொள்ளப்பட்டது. எண்ணிக்கைத் திருத்தத்திற்கு ஆறு உறுப்பு நாடுகளின் ஒப்புதலும் இருபத்தொரு வேலை நாட்களும் தேவைப்படுகின்றன."

"புயலுக்கு ஏழரை மணி நேரந்தான் இருக்கு. அதுகிட்ட இருபத்தொரு நாள் தவணை கேட்டு வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டாள் பொற்கொடி.

கருவி அதை ஐந்து மொழியில் சொன்னது. ஐந்து பேரும் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள், படித்த பாவிகள்!

கப்பல்காரர்கள், நாங்கள் கப்பல் மட்டும்தான் ஓட்டுகிறோம் என்றார்கள். கணினிக்காரர்கள், கொடுத்த எண்ணைத்தான் கணக்கிடுகிறோம் என்றார்கள். ரேகைச் சட்டம் வைத்திருப்பவர்கள், தனிமனித உரிமை எங்களுக்கு உயிர் என்றார்கள். ஆயிரத்து எண்ணூறு பேர் உயிரை எதில் சேர்ப்பதாம்? பத்துப் பேர் சேர்ந்தால் பாம்பு சாகாது என்பது சும்மா இல்லை. ஆறு நாடு கூடினால் புகழ் ஆறு மடங்காகும், பழி மட்டும் ஆறாகக் கரைந்து யார் மேலும் ஒட்டாமல் போகும்.

பொற்கொடி ஒப்பந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ஒரு வழி கிடைத்தது. அவசர நேரத்தில், ஒரு நாட்டின் பொறுப்பு அதிகாரி தன் எல்லைக்குள் இருக்கும் ஊரின் எண்ணிக்கைக்குத் தானே நேரடிச் சான்று கொடுக்கலாம். பொய்யென்றால் வேலையும் போகும், வழக்கும் வரும். இந்தப் பக்கத்துத் தகவல் பொறுப்பாளர் என்ற முறையில் அந்த அதிகாரி பொற்கொடிதான்.

"போடும்மா, போனா உன் தலை" என்றார் மெய்யப்பன்.

அவள் 1814 என்று அடித்துக் கையெழுத்திட்டாள். வரைபடம் ஒரு கணம் வெளிறிப் பிறகு தெளிந்தது. பச்சைக் கோடு சவரியார்மேட்டை விட்டு விலகித் தெற்கே வளைந்தது. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். ஹென்ரிக்கும் தட்டினார். "கெட்டிக்காரிம்மா நீ" என்று மெய்யப்பன் தோளில் தட்டிக்கொடுத்தார். பொற்கொடி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். அத்தனை நிம்மதி.

"அக்கா" என்றது தர்மினியின் குரல். அவள் தன் முகத்தைத் திரையிலிருந்து எடுத்திருந்தாள். "பச்சைக் கோடு இப்ப எங்க போகுதெண்டு பார்த்தனீங்களோ?"

பொற்கொடி பார்த்தாள். பாலைத்திட்டு, இலங்கைக் கரை. மக்கள்: 27.

"இருபத்தேழு சரிதானா தர்மினி?"

"தொள்ளாயிரம் பேர் இருக்கினம் அக்கா. சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த சனம். வந்து இருவது வருசமாகுது. பதிவு இன்னும் முகாமின்ர விலாசத்திலதான் கிடக்கு. அந்த முகாமே இப்ப இல்லை."

"அப்ப நீயும் நேரடிச் சான்று குடு, இப்பவே!"

"எங்கட பக்கம் அந்த அதிகாரம் அமைச்சரிட்ட மட்டுந்தான். அவர் உங்கட விழாவுக்கு வாறதுக்கு விமானத்தில இருக்கிறார். ஃபோன் எடுக்கினமில்லை."

"அங்க உனக்கு யாராச்சும்…"

"என்ர பெரியக்கா. மூண்டு பிள்ளையள்."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். தர்மினியின் குரல் ஆடவே இல்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது ஆறுதல் சொல்லலாம். அவள் அலுவலகக் குறிப்பு வாசிப்பது போலச் சொன்னதுதான் பொற்கொடியின் நெஞ்சில் ஏறி மிதித்தது. நான் என்ன காரியம் செய்தேன்? என் வீட்டுக் குப்பையைக் கூட்டிப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டேன்!

மெய்யப்பனிடம் போய் நின்றாள். "சார், சிவப்புக் கோட்டுலயே விட்ருங்க. துறைமுகத்துல மூவாயிரம் பேரு. நாலு வழிச் சாலை வாசல்ல இருக்கு, பஸ் நிக்குது. மூணு மணி நேரத்துல எல்லாரையும் பரமக்குடிக்குக் கொண்டுபோயிரலாம். ஒரு உசுரு போகாது. அந்தத் திட்டுல இருக்கவங்களுக்குத் தப்பிக்க வழியே கிடையாது."

"புரிஞ்சுதான் பேசுறியா? அது ஆறு நாடும் சேர்ந்து கட்டுன துறைமுகம். பத்து வருசமா ஒரு காத்து அதைத் தொட்டதில்ல. நாளைக்கு அங்க பத்தாம் ஆண்டு விழா, பந்தல் போட்டாச்சு. கேடயம் தோத்துப்போச்சுன்னு நாமளே அறிவிக்கணுமா?"

"பந்தலைக் காப்பாத்தத் தொள்ளாயிரம் பேரா சார்?"

"இருபத்தேழு" என்றார் மெய்யப்பன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஊர்தான் தப்பிச்சிருச்சேம்மா. இன்னும் என்ன உனக்கு?"

பன்னிரண்டரை மணிக்குள் ஆறு நாடும் ஒப்புதல் கொடுத்தால்தான் கப்பல்கள் நீரை இறைக்கும். அதற்குமேல் இறைத்தால் பலனில்லை. ஒவ்வொரு நாட்டு ஒப்புதலுக்கும் இரண்டு கையெழுத்து. ஒன்று இயக்குநருடையது. மற்றொன்று தகவல் பொறுப்பாளருடையது, 'பட்டியலின் எண்கள் அனைத்தும் உண்மை' என்பதற்கு. பன்னிரண்டே கால் மணிக்கு ஐந்து நாட்டு விளக்குகள் பச்சையாகிவிட்டன. தர்மினியின் நாட்டு விளக்கும் பச்சைதான். அமைச்சர் போகும்போதே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை வைத்து அவளுடைய மேலதிகாரி ஒப்புதலை அழுத்திவிட்டார்.

மெய்யப்பன் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "போடு."

"போட மாட்டேன் சார்."

"பொற்கொடி!"

"எண்கள் அனைத்தும் உண்மைன்னு இருக்கு. உண்மை இல்லைன்னு எனக்குத் தெரியும். எட்டு வருசம் முன்னாடி தெரிஞ்சே ஒரு கையெழுத்துப் போட்டேன், அதோட லட்சணத்தை இன்னிக்குக் காலைல பார்த்தேன். இன்னொண்ணு போட மாட்டேன்."

ஹென்ரிக் பதறிப்போய் ஏதோ சொன்னார். கருவி நிதானமாகத் தமிழ்ப்படுத்தியது. "தங்கள் நாடு பன்னாட்டு அறிவியல் ஒத்துழைப்பிலிருந்து விலகுகிறதா?"

"ஒத்துழைப்பா!" பொற்கொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "ஆறு பேரு சேர்ந்து ஒருத்தன் கழுத்துல கயித்தைப் போட்டுட்டு, ஆளுக்கு ஒரு முனையைப் புடிச்சுக்கிட்டு, நான் இழுக்கல நான் இழுக்கலைங்கிறதுக்குப் பேரு ஒத்துழைப்பாய்யா? உங்க மிசினுக்கு மனுசனை எண்ணத் தெரியல. எண்ணத் தெரியாத எடத்துல ஆளே இல்லைன்னு எழுதிக்கிடுது. அங்க கொண்டுபோய்ப் புயலைக் கொட்டுறீங்க. இதுக்குப் பொன்னாடை வேற!"

கருவி இதற்கு என்ன மொழிபெயர்த்ததோ, இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மெய்யப்பன் கெஞ்சினார், மிரட்டினார், அவளுடைய ஓய்வூதியத்தை நினைவூட்டினார், கடைசியில் "உன் கால்ல விழட்டுமா?" என்றுகூடக் கேட்டார். அவள் மேசைக்கு நாலடி தள்ளிப்போய்ச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு முப்பத்தொன்று ஆனபோது பச்சைக் கோடு தானாக அழிந்தது.

"இப்ப பஸ்ஸைக் கூப்பிடுங்க சார். நேரம் ஓடுது" என்றாள்.

வேறு வழியில்லாமல் அவர் கூப்பிட்டார். மூன்றே முக்காலுக்குத் துறைமுகத்தில் காவல் நாய்கூட இல்லை. ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் புயல் அங்கே கரையேறியது. பாரந்தூக்கிகள் முறிந்து கடலுக்குள் விழுந்தன, கிடங்குகளின் கூரைகள் உரிந்தன, பந்தல் எங்கே போனது என்றே தெரியவில்லை. பஸ்ஸில் ஏறும்போது வழுக்கிவிழுந்து ஒருவருக்குக் கால் முறிந்தது. சாவு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பொற்கொடிக்குப் பணியிடை நீக்க உத்தரவு வந்தது, ஆறு மொழிகளில். அவள் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஃபோன் அடித்தது. ரேடியோ அண்ணன்.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "எங்க ஊருப் பிள்ளைக முந்நூறு பேரு அந்தத் துறைமுகத்துலதான் வேலை பாத்துச்சுக. பொம்பளப் புள்ளைக எறா உரிச்சுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துச்சுக. அம்புட்டும் போச்சு! ஆறு நாடு சேந்து, முந்நூறு கப்பலை வச்சுக்கிட்டு, ஒரு புயலைத் திருப்பத் துப்பில்லையா? என்ன புடுங்குனீக அங்க உக்காந்து?"

"அண்ணே…"

"பேசாத. கொஞ்சம் வடக்க, எங்க பக்கம் தள்ளி விட்ருந்தாத்தான் என்ன? எங்ககிட்ட இருக்கறது மணலும் நாலு தென்னையும். எத்தனை காத்தை நாங்க பாத்துருக்கோம்! கோயிலுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டு ஒரு ராத்திரி செபமாலை சொன்னா விடிஞ்சிரும். அந்த யோசனை ஒருத்தனுக்கும் வரலியா?"

வாசலில் காவலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பொற்கொடி பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, உங்க மேடு எவ்வளவு உசரம்?"

"ரெண்டாளு ஒசரம். ஏன்?"

"நேத்து துறைமுகத்துல ஏறுன அலை நாலாளு உசரம்ணே."

ரேடியோ அண்ணன் பக்கத்தில் யாரோ ஒரு பெண் கோழியை விரட்டுவது கேட்டது. அவர் குரலே இல்லை என்பது போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப… எங்க பக்கம் திருப்பப் பாத்தாகளா?"

சொன்னால் சிறை என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

"பாத்தாங்கண்ணே. உங்க ஊர்ல மொத்தமே நாப்பத்தொரு பேருன்னு பட்டியல்ல இருந்துச்சு. அதான் உங்களைத் தேர்ந்தெடுத்தாங்க."

"நாப்பத்தொண்ணா?" மெல்ல மெல்லப் பழைய குரல் ஏறி வந்தது. "ஆயிரத்தி எண்ணூறு பேரு குத்துக்கல்லாட்டம் இருக்கோம், நாப்பத்தொண்ணுன்னு எழுதுனானா? எவன் அவன்? எந்த நாட்டுக்காரன்? பேரைச் சொல்லு தங்கச்சி, எந்த நாசமாப் போனவன் கையெழுத்துப் போட்டான் அதுல?"

"நான்தாண்ணே" என்றாள் பொற்கொடி.

அவர் திட்டத் தொடங்கினார். அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.